தாடி வளர்க்கும் ஊர்

கிறிஸ்துநாயகம் தாடி வளர்க்கத் தொடங்கியபோது, அந்தோனியாருக்கு ஏதோ நேர்த்தி என்றுதான் நினைத்தேன். ஞாயிறு பூசைக்குக் கன்னம் மினுங்கச் சவரம் செய்துகொண்டு போகிற மனிசன். கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். என் புருசன் சும்மா ஒன்றும் செய்கிறவர் இல்லை. இங்கே கனடாவில், விட்பி வீட்டில் புல்லு வெட்டுவதுகூட அயலவன் பார்க்கிறான் என்பதற்காகத்தான்.

மகள் ஏஞ்சலாதான் போட்டுடைத்தாள். "அப்பா ஜேர்மனிக்குப் போறாரம்மா, அந்த ஃபெஸ்டிவலுக்கு. ஒட்டுத்தாடி அலவ்ட் இல்லையாம், ரியலா வளர்க்கோணுமாம்."

கனடாவுக்கு வருமுன் அவர் அங்கே ஒரு சின்ன ஊரில் அகதியாக இருந்தவர், பேக்கரியில் பாண் போடும் வேலை. நானூறு வருடத்துக்கு முந்தி அந்த ஊரை ஏதோ படை வளைத்ததாம். சனம் தப்பிப் பிழைத்த கதையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை, பழங்கால உடுப்போடு தெருத்தெருவாக நடித்துக் காட்டுவார்கள். அதற்காக ஆம்பிளைகள் மாதக்கணக்கில் தாடி வளர்ப்பார்கள். இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரியும். அவரும் நடித்தார் என்பது மட்டும்தான் தெரியாது.

சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "உங்களுக்கு என்ன வேசம்?"

"பாண்காரன். முந்தியும் அதுதான்."

"தனியவோ?"

"பாண்காரனும் பெண்சாதியும்."

"பெண்சாதி ஆர்?"

"உது நடிப்பப்பா. ஊர் மனிசி ஒருத்தி. அவவுக்கும் இப்ப வயசு போட்டுது."

முந்தியும் அவள்தானா என்று நான் கேட்கவில்லை. சிரித்த முகமாகவே சொன்னேன்.

"நானும் வாறன். ரெண்டு ரிக்கற்றாப் போடுவம்."

அவர் தலை நிமிரவில்லை. "உமக்கு அங்க போரடிக்கும், யூஜினி."

"நீங்கள் பாண் போடுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

மற்ற நாள் காலை குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அவர் முகத்தில் ஒரு மயிர் இல்லை.

"நான் போகேல்லை. சும்மா அலைச்சல்," என்றார்.

சண்டை பிடித்திருந்தால், அது வெறும் நடிப்புத்தான் என்று நம்பியிருப்பேன். ஏதாவது சமாளித்திருந்தாலும் நம்பியிருப்பேன். "வாரும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், ஒருவேளை நானே போகாமல் இருந்திருப்பேன். இப்போது எனக்குப் பயமாக இருந்தது.

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, முகம் கழுவும் வேசினில் ஒட்டியிருந்த நரைமயிரை ஒன்றும் மிஞ்சாமல் விரலால் வழித்து வழித்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வேசின் கழுவி நான் ஒருநாளும் கண்டதில்லை.