இரண்டு எண்ணும் வரை

பதில் உடனே வந்துவிட்டது. அக்கா டார்ச்சைச் சட்டென்று தாழ்த்தியது அதனால்தான்.

சலவைக்கூடத்தின் பின்பக்கம், ஆஸ்பத்திரிப் பெட்ஷீட்டுகள் காயும் கொடிகளுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். எதிரே ஈரப் புல்வெளி, அதற்கு அந்தப் பக்கம் தங்கை வீடு. கோடையில் பொழுது சாய்ந்ததும் புல்வெளி முழுக்க மின்மினிகள் வந்துவிடும். போன வருஷம் அக்காளும் தங்கையும் இங்கே உட்கார்ந்து, கொசுக்கடியைக்கூடப் பொருட்படுத்தாமல், பூச்சிகளின் கல்யாணப் பேச்சை வேடிக்கை பார்ப்பார்கள். பறந்துகொண்டே மினுக்குவது ஆண். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் உடனே பதில் சொல்லிவிடாது. கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு தடவை மினுக்கும். எவ்வளவு பொறுக்கிறது என்பதை வைத்துத்தான் தன் இனத்துப் பெண் இது என்று ஆண் கண்டுபிடித்து இறங்கிவரும்.

"என்ன பிகு பண்ணுது பாருக்கா! உடனே பல்லைக் காட்டினா மரியாதை என்னாகிறது?" என்பாள் தங்கை.

வேறொரு ரகப் பெண் பூச்சியும் உண்டு. அடுத்த இனத்துப் பெண்ணைப் போலவே மினுக்கும். ஆசையாக வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். அக்கா அதைச் சொன்னதும் தங்கை, "எங்க வீட்டுக்காரர் ரகம்" என்றாள். அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. பிறகுதான் அக்கா அவள் முழங்கைக்கு மேலே இருந்த காயங்களைப் பார்த்தாள்.

அந்த ஆள் முதலில் போனைப் பிடுங்கினான். அப்புறம் ஒருநாள் தன் கூட்டாளியை அனுப்பி, "உங்க அக்காவுக்கு நெஞ்சுவலி, வண்டி நிக்குது" என்று சொல்லவைத்தான். பதறி வாசல் தாண்டியவளுக்கு விழுந்த அடியைச் சொல்ல வாய் கூசும். அதற்குப் பிறகு தங்கை யார் பேச்சையும் நம்பவில்லை. ஆளுக்கொரு டார்ச், அதன் வாயில் கட்டிய மஞ்சள் தலையணை உறைக் கிழிசல், இவ்வளவுதான் அக்கா தங்கையின் பேச்சுவார்த்தை. ஒருத்தி ஒருமுறை மினுக்க வேண்டும். மற்றவள் மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டு ஒருமுறை மினுக்க வேண்டும். எண்ணாமல் வந்த வெளிச்சம் நம்முடையது அல்ல.

இன்றைக்குத் தங்கை அந்த வீட்டைவிட்டு வந்துவிடுவதாகப் பேச்சு. சரியான பதில் வந்தால் அக்கா புல்வெளியைக் கடந்து போய் அழைத்து வர வேண்டும்.

அக்கா மறுபடி ஒருமுறை அழுத்தினாள். மறுபடியும் உடனே பதில். அதுவும் இரண்டு மூன்று தடவை, அவசர அவசரமாக. ஜன்னலிலிருந்து வரவில்லை, தாழ்வாகப் புல்லுக்குள்ளிருந்து வந்தது. டார்ச் அவன் கைக்குப் போய்விட்டது. பொறுமை என்ற சரக்கே அந்த ஆளிடம் கிடையாது. தங்கையை என்ன செய்துவிட்டு வந்தானோ!

ஆனால் அவன் புல்லில் இருக்கிறான் என்றால் வீட்டில் இல்லை. வெளியே போனால் கதவை வெளித்தாழ் போட்டுவிட்டுத்தான் போவான். தாழ்தானே, யார் கை வைத்தாலும் திறக்கும்.

அவள் முன்பக்கம் ஓடினாள். அங்கே வேன் ஓட்டுகிறவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஹாரன் கேட்டால் துணி இறக்க எல்லாப் பெண்களும் பின்பக்கம் ஓடிவர வேண்டும்; வராவிட்டால் கையை எடுக்கவே மாட்டார்.

"அண்ணே, ரோடு வழியா சுத்திப் போய் என் தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. கதவைத் திறந்துட்டு ஹெட்லைட்டை ஒரு தடவை போட்டு அணைங்க. நான் இங்கேருந்து பதில் காட்டுவேன். அதைப் பார்த்தாதான் அவ வருவா."

"நீயும் வாயேன்மா."

"நான் இங்கே இல்லைன்னா அவன் வீட்டுக்குத் திரும்பிடுவான். ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க!"

"நான் எப்பம்மா அடிச்சேன்?" என்று உரக்கக் கேட்டுவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

அக்கா கொடிகளுக்கு நடுவே திரும்பி வந்து டார்ச்சை அழுத்தினாள். அவன் மினுக்கினான். அவள் பொறுத்து, மறுபடி அழுத்தினாள். தன்னைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்தத் தின்னும் பூச்சியின் வேலையைத்தானே இப்போது இவளும் செய்கிறாள். ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் கிட்டே வந்தது. நிஜ மின்மினிகள் அவன் வரும் வழியில் சட்டென்று அணைந்தன. பிறகு அவன் டார்ச்சும் அணைந்தது. ஈரப் புல்லில் செருப்பு சளக் சளக்கென்றது.

"அக்கா," என்றான், மிக மரியாதையாக. "எங்கே இருக்கீங்க? அவதான் அனுப்பினா."

முதல் கொடியின் பெட்ஷீட் அசைந்தது. அக்கா இரண்டாவது கொடிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கத்தினாலும் ஒருத்தருக்கும் கேட்காது.

அப்போது தூரத்தில் தங்கை வீட்டு வாசலில் ஹெட்லைட் ஒருமுறை எரிந்து அணைந்தது.

இப்போது டார்ச்சை அழுத்தினால் எந்தப் பெட்ஷீட்டுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அழுத்தாவிட்டால் தங்கை வண்டியில் ஏற மாட்டாள். ஓடிவிடலாம் என்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. ஒண்ணு. அவன் மூச்சு கேட்டது. ரெண்டு. அவள் டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்தினாள்.

வேன் கதவு மூடும் சத்தமும் பெட்ஷீட் கிழியும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பிடித்தவன் அப்படியே திரும்பிப் பார்த்தான். வேன் தெருமுனையில் வளைந்துகொண்டிருந்தது.

"யாரு அது? அவ எங்கே போறா?"

தெருமுனை தாண்டியதும் மனிதருக்கு அடக்க முடியவில்லை. ஹாரன் நீளமாக அலறியது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்கதவு திறந்து, வெளிச்சம் கொடிகள் மேல் கொட்டியது. கை துடைத்துக்கொண்டே ஏழெட்டுப் பெண்கள் துணி இறக்க வந்தார்கள். மஞ்சள் துணி கட்டிய டார்ச்சோடு நின்றவனைப் பார்த்தார்கள், அவன் பிடித்திருந்த மணிக்கட்டையும் பார்த்தார்கள். அவன் கையை விட்டான்.

"யாருடி இவன்?" என்று கேட்டாள் ஒருத்தி.

அக்கா மணிக்கட்டை நீவிக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடு மட்டும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தது.