ஏழு பெட்டியா, ஒரே பெட்டியா

புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா ஜன்னலோரக் கட்டிலில், மடியில் முறத்தை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வாசலுக்கு நேராக, பழுதுபார்க்க வந்திருந்த ஒரு சின்ன ஃப்ரிட்ஜின் மேல். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவர், நாற்காலி காலியாக இருந்தாலும் அதன் மேல்தான் உட்காருவார். தங்கை தரையில், தன் பழைய கணினிக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவளைப் போல. நான் மேசையருகே, பேனாவும் தாளுமாக.

எங்கள் வீட்டில் கடிதம், விண்ணப்பம், புகார் எதுவானாலும் எழுதுவது நான்தான். அலுவலகத்தில் எனக்கு அனுப்புகைப் பிரிவு. வரும் தாளுக்கு ஒரு எண், போகும் தாளுக்கு ஒரு எண். எண் ஒட்டாத எதுவும் என் மேசையைத் தாண்டாது.

பேச வேண்டிய விஷயம் இதுதான். இன்னும் கட்டாத வீட்டை, கட்டி முடித்து உள்ளே நடந்து போவதுபோலக் கணினியில் படமாக்கும் வேலையைத் தங்கை தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம் அவள் செய்த மாதிரிகளைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே மாதாமாதம் வேலை தருகிறோம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் அனுப்பிய சோதனை வீட்டின் ஒரு நிமிடப் படத்தை, அவளுடைய சொந்தக் கணினி மூன்று மணி நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். கணினியின் விவரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் கடிதமாக எழுதி, கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். உறையில் சனிக்கிழமைக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

விழாவிட்டால், திங்கட்கிழமை, இப்போது வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோ முதலாளியிடம் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம்.

"மூணு வருஷமா பாஸ்போர்ட் போட்டோவுல காது ஓரம் வெட்டிட்டிருக்கேன். இனிமே ஒரு காது பார்த்தாலும் கடிச்சிடுவேன்" என்றாள் தங்கை.

கடிதத்தை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். இரண்டு இடங்கள் மட்டும் காலி. 'கணினியின் விவரம்' ஒன்று, 'எடுத்துக்கொண்ட நேரம்' ஒன்று.

"பழசு எவ்வளவு நேரம் எடுத்துச்சு?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது மணி நேரம். அப்புறம் மாடிப்படிக்கிட்ட போய் நின்னுடுச்சு."

"எனக்கும் அங்கதான் நிக்குது" என்றாள் அம்மா, முழங்காலைத் தட்டிக்கொண்டே.

தங்கை ஒரு நோட்டை விரித்தாள். அவளுடைய மூன்று வருடச் சேமிப்பு, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்பதால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை அடித்து எழுதப்பட்டிருந்தது. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, தகவல் சேமிக்கும் டிஸ்க், பவர் சப்ளை, எல்லாவற்றையும் அடைக்கும் கேபினெட். ஏழு பெட்டி. மானிட்டரும் கீபோர்டும் பழையதே போதும். "நாமே வாங்கி நாமே மாட்டிக்கலாம். படத்தைக் கணக்கு போடறது கிராபிக்ஸ் கார்டுதான். பணத்துல பாதியை அதுலயே கொட்டிட்டு, மீதியெல்லாம் சாதாரணமா எடுத்துக்கலாம்."

"கூடவே கூடாது" என்றார் என் கணவர். "தினமும் கழட்டி மாட்டறவன் சொல்றேன், கேளு. எதை மாட்டினாலும் கடைசியில ஒரு திருகாவது மிஞ்சும். ரெடிமேடா வாங்கினா, ஓடலேன்னா ஒரே ஆளைப் போய்ப் பிடிக்கலாம். இதுல ஏழு பேரு. ஒருத்தன் இன்னொருத்தனைக் கைகாட்டுவான், நீ கடை கடையா ஏறி இறங்கணும். அதுவும் சனிக்கிழமைக்குள்ள!"

"நீங்களே பயந்தா எப்படி மாமா?"

"நான் பயப்படல. எனக்குத் தெரியும், அதான்."

"மாப்பிள்ளை சொல்றதும் சரிதான், இவ சொல்றதும் சரிதான்" என்றாள் அம்மா. "போய்ப் பார்த்துட்டு வாங்களேன். பார்க்கறதுக்குக் காசா கேக்கறான்?"

வியாழக்கிழமை மாலை மூன்று பேரும் போனோம். தங்கையின் பணத்துக்குள் வரும் ரெடிமேட் கணினி கடையின் நடுவில் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. என் கணவர் வாயைப் பிளந்துவிட்டார்.

"பார்த்தியா? சர்க்கஸ் கூடாரமே தோத்துச்சு. இதை எடுத்துட்டுப் போய் ப்ளக்கைச் சொருகினா வேலை முடிஞ்சுது."

டை கட்டிய விற்பனையாளர் தலையாட்டினார். நல்ல மனிதர். தங்கை பென் டிரைவில் கொண்டுவந்த சோதனை வீட்டைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க விட்டார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள்.

"அஞ்சு மணி நேரம்" என்றாள். குரல் இறங்கிப்போயிற்று.

"அதனால என்ன மேடம்? தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டா பறக்கும்" என்றார் விற்பனையாளர்.

அப்போதுதான் என் கணவர் ஒரு காரியம் செய்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படிப்பது அவர் வழக்கம். இங்கேயும் தரையில் மண்டியிட்டு, செல்போன் விளக்கை அடித்து, கணினியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"இதோட பவர் சப்ளை நூத்தி எண்பது வாட்தான்" என்றார். "நீ சொன்ன கார்டு எவ்வளவு குடிக்கும்?"

"அது மட்டுமே நூத்தி எழுபது, மாமா."

"அப்ப மத்ததெல்லாம் பட்டினியா?" எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "வெளியே கதவு பளபளக்கும், உள்ளே கம்ப்ரஸர் சோப்ளாங்கி. இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்! இதுல அந்தக் கார்டைப் போட்டா ஒரே மாசத்துல மூச்சு நின்னுடும்."

விற்பனையாளர் அதற்கு அடுத்த மாடலைக் காட்டினார். விலைச் சீட்டைப் பார்த்த தங்கை, தொட்டுவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தெருவுக்கு வந்து பத்தடி நடந்ததும் என் கணவர் நின்றார். "நோட்டைக் குடு" என்றார். பவர் சப்ளை வரியைத் தேடிப் படித்தார். "ஐநூத்தி ஐம்பது வாட். ம். சரி, ஏழு பெட்டியே வாங்கிடலாம். ஆனா திருப்புளி பிடிக்கறது நான்."

"புத்தகம் படிச்சுச் சொல்றது நான்!" தங்கை நடுத்தெருவில் ஒரு குதி குதித்தாள். சைக்கிளில் வந்தவர் திட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, மாடியில் இருந்த ஒரு ஒடுங்கிய கடையில் ஏழையும் வாங்கினார்கள். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் மூன்று முறை சொல்லி அனுப்பினாராம். ஆக, ஓடினால் ஓடியது. ஓடாவிட்டால் பணமும் போச்சு, வேலையும் போச்சு, மறுபடியும் காதுதான்.

என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. அன்று மாலை அவர்கள் இருவரும் மேசையை ஒழித்துக்கொண்டிருக்கும்போது, பசை தடவிய வெள்ளைச் சீட்டுகளில் அழகாக எண் எழுதினேன். பெட்டிகளுக்கு ஒன்று முதல் ஏழு. பெட்டியிலிருந்து பிரித்தால் பொருள்கள் கலந்துவிடுமே என்று தோன்றியது. உள்ளே இருந்தவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, எண் ஒட்டி, பழையபடியே வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். தங்கை கையேட்டைச் சத்தமாகப் படித்தாள். என் கணவர் கேபினெட்டின் தகரத்தைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையில் இறங்கினார்.

"பிராசஸரைப் பொறுமையா வைங்க மாமா. மூச்சு விடாதீங்க."

"மூச்சு விடாம எப்படிடி வேலை செய்யறது?"

"அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

ராம் என்பது விரல் நீளத்தில் இரண்டு பட்டை. கட்டை விரலால் அழுத்தினார். "ரொம்ப இறுக்கமா போகுது. நல்ல சாமான்" என்று பாராட்டும் கொடுத்தார். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஒரு திருகு மிஞ்சியது. அதை ஓர் உறையில் போட்டு 'மிச்சம்' என்று எழுதி வைத்தேன். தங்கை பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம்.

பீப். பீப். பீப்.

திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். பீப், பீப், பீப்.

"நான் எதையோ அழுத்தி உடைச்சுட்டேன்" என்று என் கணவர் ஃப்ரிட்ஜின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்த தங்கை நின்றாள். "மூணு பீப்னா ராம்."

பட்டை ஒன்றை மெல்ல உருவினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் அடி விளிம்பில் வரிசையாகத் தங்கப் பற்கள் இருக்கும், அவை வழியாகத்தான் மின்சாரம் ஓடும். அந்தப் பற்களின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் '3-அ'.

இன்னொன்றை உருவினாள். '3-ஆ'.

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு கையெழுத்துடி இது? முத்து முத்தா இருக்கே."

"மேல கம்பெனி ஸ்டிக்கர் இருந்துச்சு" என்றேன். "கீழே அந்த ஓரம்தான் காலியா இருந்தது."

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜே ஆடியது. "ஏழு கம்பெனிக்காரனும் ஒழுங்கா செஞ்சிருக்கான். நம்ம வீட்டு அனுப்புகைப் பிரிவுதான் தபாலை நிறுத்திடுச்சு!"

"அக்கா, உன்கிட்ட ரப்பர் இருக்குல்ல? பென்சில் அழிக்கிற ரப்பர்? குடு, குடு, குடு!"

என் கடிதப் பெட்டியில் எப்போதும் இருக்கும். சீட்டைக் கிள்ளி எடுத்து, பற்களில் ஒட்டியிருந்த பசையை ரப்பரால் இதமாகத் தேய்த்தாள். அம்மா புடவைத் தலைப்பால் தூசியைத் துடைக்க வந்தாள். மூன்று பேரும் சேர்ந்து "தொடாதீங்க!" என்று கத்தினோம். பட்டைகள் இம்முறை வெண்ணெயாக இறங்கின. பொத்தான். விசிறி. ஒரே ஒரு பீப். திரை வெள்ளையாக விழித்தது.

அம்மா கைதட்டினாள். என் கணவர் என்னைப் பார்த்து சல்யூட் வைத்தார், அதில் பாதி கிண்டல்.

மென்பொருள்களை ஏற்றி முடிக்க மணி பத்து இருபது. சோதனை வீட்டை ஓடவிட்டு, நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அம்மா கட்டிலில், அவர் ஃப்ரிட்ஜ் மேல், தங்கை தரையில், நான் மேசையில். பதினொன்றே காலுக்குப் படத்தில் வாசல் கதவு திறந்தது. பன்னிரண்டுக்கு மாடிப்படி வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. படம் படிப்படியாக ஏறி மேல்தளத்துக்குப் போயிற்று.

"ஏறிடுச்சு! என்னை விட நல்லா ஏறுது" என்றாள் அம்மா.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் படம் முடிந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முதல் காலியிடத்தில் ஏழு பொருள்களின் விவரத்தையும் வரிசையாக எழுதினேன். இரண்டாவதில், 'இரண்டு மணி பதினெட்டு நிமிடம்'. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணிக்குத் தபால் நிலையக் கவுன்டர் மூடிவிடும். கடிதத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினேன். என் கணவர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். பின்னால் ஏறி, உறையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டேன்.

கவுன்டரில் இருந்த அம்மாள் உறையைத் திருப்பிப் பார்த்தார், எடை போட்டார், அதன் மேல் ஓர் எண் சீட்டை ஒட்டினார். சரியான இடத்தில்தான் ஒட்டினார். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த பையில் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.