நாகம்மாளுக்கு வைத்த புகைபோக்கி

எங்கள் பாட்டையா மெய்யநாதன் செட்டியார் பர்மாவில் கப்பல் விட்டவர் என்று சொன்னால் கண்டனூரில் யாரும் அசர மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு பர்மாக் கதை உண்டு. ஆனால் மற்றவர்கள் கதையோடு நின்றுவிட்டார்கள், நான் புத்தகம் போட்டேன். ஆறு வருட உழைப்பு. பௌதிக வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீராவி எப்படிச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டவன். சும்மா எழுதிவிடுவேனா?

‘மெ.சொ. ஆற்றுக் கப்பல் கம்பெனி வரலாறு’ என்பது புத்தகத்தின் பெயர். ஐராவதி ஆற்றில், மௌபின் துறையில் இருந்துகொண்டு நெல்லும் ஆளும் ஏற்றிய நீராவிக் கப்பல்களின் கதை. எங்கள் வழக்கப்படி எல்லாக் கப்பலுக்கும் வீட்டுப் பெண்கள் பெயர்தான். விசாலாட்சி இரண்டடுக்கு, ராஜாத்தி மாதிரி போவாள். உண்ணாமலை மெதுவாகப் போவாள், ஆனால் எங்கும் நிற்க மாட்டாள். சிவகாமி வருவதற்கு முன்னால் அவள் புகை வந்துவிடும். தெய்வானை மாதம் ஒரு தடவையாவது மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இதை எழுதினதற்காகத் தெய்வானை ஆச்சியின் பேத்திமார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வரலாறு என்றால் அப்படித்தான், யார் முகத்தையும் பார்க்க முடியாது.

ஐந்தாவது கப்பல் நாகம்மாள். அவளைக் கண்டுபிடித்தது நான். மௌபினில் இருந்த கம்பெனி ஏஜெண்டு கண்டனூருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறையக் கிடைத்தன. புள்ளியே வைக்காத கையெழுத்து. கப்பல்களையெல்லாம் அவள் இவள் என்றுதான் எழுதுவார் அந்த மனிதர். ‘நாகம்மாள் முன்னே போனால்தான் விசாலாட்சி நகருவாள்’ என்று ஒரு கடிதம். இதற்கு மேல் என்ன வேண்டும்? பெரிய கப்பலுக்கு முன்னால் போய் இழுக்கிற சின்ன இழுவைக் கப்பல் என்று முடிவு கட்டினேன்.

என் மனைவி விசாலி அப்போதே கேட்டாள். “நம்ம வீட்ல நாகம்மாள்னு ஆரும் இருந்ததில்லையே. அந்தப் பேரு எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“பழைய கப்பலா வாங்கியிருப்பாக. வாங்குறப்பவே அந்தப் பேரு இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும்னா? கடுதாசியில இருக்கா?”

“ஆராய்ச்சியில குறுக்க பேசாத.”

“அப்பச் சரி” என்று போய்விட்டாள். அவள் ‘அப்பச் சரி’ என்றால் சரியில்லை என்று அர்த்தம். நாற்பது வருடமாகத் தெரிந்தும் நான் கேட்கவில்லை.

வெளியீட்டு விழா எங்கள் பெரிய வீட்டிலேயே, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. பங்காளிகள் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து இறங்கியிருந்தார்கள். முந்நூறு பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் மேடைக்குப் பக்கத்தில் இருந்தன. அழைப்பிதழில் ஐந்து கப்பலுக்கும் படம் உண்டு. காரைக்குடியில் ஓர் ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே புகைபோக்கி, இங்கே கொடிக்கம்பு என்று நானே சொல்லிச் சொல்லி வரைய வைத்தது. வாட்ஸப்பில் அது ஜில்லா முழுக்கச் சுற்றியிருக்கிறது.

ஒன்பது மணிக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நாற்பது வயது இருக்கும்.

“என் பேரு நாகஜோதி. சாக்கோட்டை யூனியன் ஆபீஸ்ல ஓவர்சீயரா இருக்கேன். முருகப்பன் சார் நீங்கதானா?”

“நான்தாம்மா. விழா பத்தரைக்குத்தான். அங்குட்டுப் பந்தி நடக்குது, பலகாரம் சாப்பிடும்மா.”

“சாப்பிட வரல சார்.” அழைப்பிதழைப் போனில் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல் ஐந்தாவது படத்தின் மேல் இருந்தது. “இது எங்கம்மாவோட அம்மாச்சி.”

“இது கப்பலும்மா.”

“பொம்பளை சார். நீங்க அவுகளுக்குப் புகைபோக்கி வச்சிருக்கீக.”

பின்னால் விசாலி களுக்கென்று சிரித்தது கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, விழாவுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வந்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் ஏறாது?

“நாகம்மாள்னு நாட்டுல ஒரு ஆள்தான் இருந்தாகளா? ஆறு வருசம் படிச்சு எழுதினவன் நான். என்ன ஆதாரம் வச்சிருக்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “ஆதாரம்னு காகிதம் எதுவும் இல்ல சார். சாக்கோட்டையிலிருந்து புருசனோட மௌபினுக்குப் போனவுக. புருசன் செத்த பெறகு உங்க கம்பெனியில ஆழம் பாக்குற வேலை. சின்னப் படகுல முன்னால போயி, மூங்கிக் கம்பை ஆத்துல விட்டுப் பாத்து, வா வரலாம், வராதன்னு சத்தம் குடுப்பாகளாம். அதைக் கேட்டுத்தான் பெரிய கப்பல் வருமாம். ஒரே மக. எட்டு வயசுல அந்தப் பிள்ளைய மட்டும் தெரிஞ்சவுக கூடக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாக. அதுதான் எங்கம்மாவைப் பெத்தவுக. அதுக்கப்புறம் தாயும் மகளும் பாக்கவே இல்ல. ஆத்தா அங்க ஒத்தையில கெடந்து செத்தாளோ என்னமோன்னு சாகுற வரைக்கும் பொலம்புனாக. இப்ப எங்கம்மா பொலம்புறாக. புத்தகத்தைத் திருத்துங்கன்னு கேக்க வரல சார். கடைசியில அவுகளுக்கு என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும்.”

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ‘பார்த்துவிடுவோம்’ என்று தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தையும் கடிதங்களையும் அருகருகே பிரித்தேன்.

‘1929இல் நாகம்மாளின் கொடிக்கம்பு முறிந்து, புதிது பொருத்தப்பட்டது’ என்று நான் எழுதியிருந்தேன். கடிதத்தில் ‘நாகம்மாள் கம்பு முறிந்துவிட்டது, வேறு வாங்கிக் கொடுத்தோம்’ என்றுதான் இருந்தது. கொடியை நட்டது நான்.

‘நாகம்மாள் பெருமளவு வெற்றிலைச் சரக்கு ஏற்றிச் சென்றது.’ கடிதம்: ‘வெற்றிலை இல்லாமல் நாகம்மாள் நகர மாட்டேன் என்கிறாள்.’

“அவுக வாயில எப்பவும் வெத்தலைதானாம் சார்” என்றாள் நாகஜோதி.

‘நீராவிக் கொதிகலனில் ஏற்பட்ட கோளாறால் விட்டுவிட்டுச் சத்தம் எழுந்தது.’ கடிதம்: ‘நாகம்மாளுக்கு நாலு நாளாய் இருமல்.’

விசாலி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நாகஜோதியும் சிரித்துவிட்டாள். பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்த பங்காளிகள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைக் குடும்பமே கூடி வேடிக்கை பார்க்கிறது. கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம் என்றால் எனக்கே சிரிப்பு வந்து தொலைத்தது.

“கடைசியில என்னாச்சு சார்?” என்று அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

புத்தகத்தில் ‘1938இல் விளக்குப் பழுதானதால் கரையில் கட்டப்பட்டது. 1940இல் ஆற்றோடு போனது’ என்று இரண்டே வரி. அதை அவளிடம் படித்துக் காட்டாமல் புத்தகத்தை மூடினேன். அடியில் கிடந்த கடிதங்களை எடுத்தேன். முதல் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன்.

‘நாகம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது. இனி ஆற்றில் விடுவதற்கில்லை. துறையை விட்டு நகர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆகையால் கரையிலேயே கொட்டகை போட்டுக் கொடுத்து, சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. நம் நாலு கப்பலும் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு ஒரு தரம் ஊதிவிட்டுத்தான் போகின்றன. ஊதாமல் போனால் மறுநாள் நம்மைத் திட்டுகிறாள்.’

நாலு கப்பல் என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். கப்பல் எப்படித் திட்டும், சாப்பாடு எதற்கு என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு வயதாகிவிட்டது என்று தள்ளிவிட்டு, அந்த வரிகளைப் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நாகஜோதி அடுத்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தேன்.

‘வெள்ளிக்கிழமை விடியற்காலம் நாகம்மாள் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். நம் ஆட்கள் எல்லோரும் கூடவே இருந்தோம். நாலு கப்பலையும் துறையில் நிறுத்தி, அவளை எடுக்கும்போது ஒரே நேரத்தில் ஊதச் சொன்னேன். தங்கள் உத்தரவு கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும்.’

நாகஜோதி கடிதத்தை வாங்கி அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, ஆனால் முகம் சிரித்தது.

“என்னை மன்னிச்சிரும்மா” என்றேன். நான் அப்படிச் சொல்லி என் மனைவியே கேட்டதில்லை. “இன்னைக்கு மேடையில நாலு கப்பலைப் பத்தி மட்டுந்தான் பேசுவேன். அஞ்சாவது அத்தியாயத்தைக் கிழிச்சுப் புதுசா அடிக்கிறேன். உங்கம்மா சொல்லச் சொல்ல எழுதுறேன்.”

“மொதல்ல எங்கம்மாட்ட இதைச் சொல்லிக்கிறேன் சார்” என்று அவள் போனை எடுத்தாள். அவள் அம்மா அக்கம்மாளுக்கு எழுபத்து நாலு வயது, காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். “அம்மா, உங்க அம்மாச்சி ஒத்தையில சாகலம்மா! எல்லாரும் கூட இருந்திருக்காக. நாலு கப்பலும் ஒண்ணா நின்னு ஊதியிருக்கு!”

அந்தப் பக்கமிருந்து நடுங்கிய குரல் வந்தது. “அந்தக் கப்பலு எப்படிடி ஊதும்? அவருட்டக் கேளு. பொலம்பிக்கிட்டே போன எங்காத்தா கேட்டிருந்தா எப்படிக் கேட்டிருக்கும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆற்றுக் கப்பலை நான் கண்ணால் கண்டதில்லை. புத்தகம் போட்டவன் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, அறுபத்தொன்பது வயதில், அத்தனை பங்காளிகள் முன்னால் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன்.

“பூ…ம்!”

யாரோ சிரித்தார்கள். போனில் அக்கம்மாள் சிரிக்கவில்லை.

“நாலு கப்பல்னு சொன்னீக. ஒண்ணுதான கேக்குது?”

விசாலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்ப் பங்காளி ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நாகஜோதி மூக்கைத் துடைத்துக்கொண்டு நாலாவதாகக் குனிந்தாள். நாலு பேரும் ஒரே மூச்சில் ஊதினோம். மைக்செட்காரர் வாசலிலிருந்து என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

“இப்பக் கேக்குது” என்று அந்தப் பக்கம் அக்கம்மாள் அழுதுகொண்டே சொன்னார். “நல்லாக் கேக்குது சாமி.”