மூன்று நாள் இருளும் யசிந்தாவின் கதவும்

1

இந்தக் கதை எனக்கு வேலியால் கிடைத்தது. எழுதுகிறவர்கள் கனவில் வந்தது, மனதில் உதித்தது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. தாழ்வுபாடு என்கிற எங்கள் கடற்கரை ஊரில் என் வீட்டுக்கும் யசிந்தாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. அதில் என் கண் உயரத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டையைப் போட்டது நானல்ல. சற்றுப் பெரிதாக்கியது மட்டும் நான்.

முதல் வரி இப்படி வந்தது: "கடல் கொந்தளித்த அந்த நாளில், கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருந்த ஒரு கைம்பெண்" — வேண்டாம். இதைப் படித்தால் கைம்பெண் என்ற சொல்லுக்காகவே யசிந்தா என்னோடு கதைக்க மாட்டாள். ஏற்கனவே ஒருத்தியோடு கதைக்காமல் இருக்கிறாள்.

இன்னொன்று: "அன்பு என்பது" — இது பிரசங்கம் வைக்கிற பங்குச் சுவாமியின் வேலை, என்னுடையதல்ல.

நேராகவே சொல்கிறேன். உலகம் முடியப்போகிறது என்று யசிந்தா கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய மச்சாள் எடித் வந்து அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தாளா, இல்லையா? கதை அவ்வளவுதான்.

2

எடித், யசிந்தாவின் காலஞ்சென்ற கணவர் அருளப்புவின் தங்கை. கலியாணம் கட்டாதவள். ஊரின் மறுகரையில் பள்ளக் காணியில் தனியாக இருக்கிறாள். மழை இருட்டினாலே மூச்சிழுப்பு வந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் எங்கள் கோவிலில் பசாம் பாடுவார்கள். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரிபோல இழுத்துப் பாடுவது. அதில் முன்குரல் எப்போதும் யசிந்தாவுக்கு. இரண்டு தபசுக்கு முன்னர் அவளுக்குத் தொண்டை கட்டிவிட, அவளே எடித்தைக் கூப்பிட்டு முன்குரலைக் கொடுத்தாள். தொண்டை பெரிய வியாழனுக்குள் திறந்துவிட்டது. முன்குரல்தான் திரும்பி வரவில்லை. எடித் பாடியதைக் கேட்டு ஊர் அழுதுவிட்டது. அதுதான் அவள் செய்த குற்றம்.

"மாதா அழுற வரியிலை நடுவிலை மூச்சு எடுக்கிறாள்," என்றாள் யசிந்தா என்னிடம். "மாதா எடுத்திருப்பாவே?"

"இழுப்புக்காரியெல்லே அக்கா. என்ன செய்யிறது?"

"அப்ப பாடப்படாது."

அன்றிலிருந்து பூசையில் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், எடித் நிற்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோரம் சிலையாய் நிற்கும் அந்தோனியாரைப் பார்த்துக் கைகூப்புவாள். (அந்தோனியாரோடு அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை.)

3

இனி மூன்று நாள் இருள். ஆண்டவர் வருமுன் உலகம் மூன்று நாள் இருண்டுவிடுமாம். கோவிலில் மந்திரித்த மெழுகுதிரி மட்டும்தான் எரியுமாம். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாதாம். ஏனென்றால் பேய், தெரிந்தவர்களின் குரலில் வந்து கூப்பிடுமாம். கனடாவில் இருக்கும் அவளுடைய பெறாமகள், கூடப்பிறந்தவளின் மகள், இதை வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருந்தாள். யசிந்தா அதை எனக்கும் போட்டுக் காட்டினாள். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரிகளை அவள் அலுமாரி நிறையச் சேர்த்தாள். சன்னல்களுக்குக் கறுப்புச் சீலை தைத்தாள்.

கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்: "வாறவருக்கு என்ன ஆயத்தம் செய்து வைச்சிருக்கிறியள்? பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதேக்கை மெழுகுதிரியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை. ஒருத்தரிலை ஒருத்தருக்கு அன்பு பெருகட்டும், அவர் வரேக்கை உங்களைக் குற்றமில்லாமல் நிப்பாட்டிறது அதுதான் எண்டு எழுதினவர்."

யசிந்தா முழுக்கத் தலையாட்டிக்கொண்டு கேட்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "சுவாமி நல்லாச் சொன்னார். எடித் கேட்டிருக்கோணும்."

எடித் எங்களுக்கு இரண்டு வாங்கு வரிசை பின்னால் இருந்து பிரசங்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

4

இந்த இடத்தில் யசிந்தாவைப் பற்றி எழுதியதில் எனக்கே ஒரு சந்தேகம். நான் அவளைக் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்படிக்கிறேனோ? எனக்குக் காய்ச்சல் கண்டபோது வேலிக்கு மேலால் கஞ்சி நீட்டியவளும் இவள்தான். (கஞ்சியில் உப்பு இல்லை. அது வேறு கதை.) வாசிக்கிறவர்கள் அவளை வெறுத்துவிட்டால் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆகவே கொஞ்ச நேரம் அவளுடைய வீட்டுக்குள் போய் இருப்போம்.

அந்த வாரம் புயல் வந்தது. கரண்ட் போனது, போன் சிக்னல் போனது. யசிந்தா சீலையை விலக்கி வெளியே பார்த்தாள். பகல், ஆனால் வெளிச்சம் இல்லை. கூரையைப் பிடுங்குகிற காற்று. கடற்கரையில் மின்சாரத்துக்காக நட்டிருக்கும் பெரிய காற்றாடிகளோ ஒன்றும் சுற்றவில்லை. இவ்வளவு காற்றில் காற்றாடி நிற்குமா? உலகமே நின்றுவிட்டது என்று அவளுக்கு உறுதியாயிற்று.*

* பலத்த காற்றில் உடையாமல் இருக்க அவற்றை நிறுத்திவிடுவார்களாம். பிறகுதான் விசாரித்தேன். அந்த நேரம் நானும் சிலுவை போட்டுக்கொண்டது உண்மை.

அவள் கதவுக் கொண்டியைப் போட்டாள், திரியைக் கொளுத்தினாள், செபமாலையை எடுத்தாள். செபத்தில் எடித்தின் பெயரையும் சேர்த்தாள். தூரத்தில் இருக்கிற ஒருத்திக்காகச் செபிப்பது சுகமான வேலை.

மறுநாள் மத்தியானம் எடித் வந்தாள்.

கவனியுங்கள்: எடித்தின் வீட்டிலிருந்து கோவில் மண்டபம்தான் கிட்ட. வெள்ளத்துக்குப் பயந்த ஊர் முழுவதும் அங்கேதான் இருந்தது. (கோழிகளையும் ஓட்டையையும் விட்டுப் போகாத என்னைத் தவிர.) எடித் அந்த மண்டபத்துக்குப் போய், பிறகு அங்கிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"மச்சாள்! கதவைத் திறங்கோ. மண்டபத்திலை எல்லாரும் நிக்கினம், உங்களைத்தான் காணேல்லை."

எடித் இன்னும் பலமாகத் தட்டினாள்.

"மச்சாள், கேக்குதே? தண்ணி உங்கடை வாசல் ஒழுங்கைக்கை வந்திட்டுது. இன்னும் ஏறுமாம்."

"எடித்தெண்டா அருள் நிறைந்த மரியே சொல்லு பாப்பம்!" என்று உள்ளேயிருந்து வந்தது.

"என்ன?"

"பேயாலை அதைச் சொல்லேலாது."

"ரண்டு வருசமா என்ரை முகத்தைப் பாக்காதனீங்கள், இப்ப உங்களுக்கு நான் செபம் ஒப்புவிக்கவோ? பேயெண்டா உந்த மழைக்கை நிண்டு நனைவனே?"

"பேய்க்கு நனையிறது பெரிய வேலையே?"

எடித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய நெஞ்சு இழுக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அந்த நெஞ்சோடு இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும்.

பிறகு அவள் பாடத் தொடங்கினாள். பசாம். (திருவருகைக் காலத்தில் யாரும் பசாம் பாடுவதில்லை. சுவாமி கேட்டிருந்தால் ஏசியிருப்பார்.) மாதா அழுகிற வரி. நடுவில் மூச்சு முட்டி, நிறுத்தி, எடுத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு கத்தல்: "அதிலை மூச்சு எடுக்கப்படாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

(எடித்திடம் ஒரு தரமும் சொன்னதில்லை. என்னிடம்தான் சொன்னாள்.)

அந்த இடத்தில் மூச்சு எடுக்க எந்தப் பேய்க்கும் தெரியாது. அது யசிந்தாவுக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். கொண்டியில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது. சரியாக அந்த நேரத்தில் —

5

என் கோழிக்கூட்டின் தகரம் பறந்தது.

இவ்வளவு காலம் அந்த ஓட்டையில் காவல் இருந்தவள் நான். பார்க்கவேண்டிய அந்த ஒரேயொரு நேரத்தில் தகரத்துக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தபோது வேலி சரிந்து கிடந்தது. யசிந்தாவின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் எடித் இல்லை. ஒரு செருப்பு மட்டும் தண்ணீரில் மிதந்தது. உள்ளே போகிறவள் இரண்டையும் கழற்றுவாள். திரும்பிப் போகிறவள் இரண்டோடும் போவாள். ஒன்றை வைத்து நான் என்ன எழுத?

முடிவு அ: கதவு திறந்தது, இருவரும் கட்டிப்பிடித்து — இல்லை. அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.

முடிவு ஆ: கதவு திறக்கவில்லை, எடித் இழுப்போடு மண்டபத்துக்குத் திரும்பி நடந்தாள், யசிந்தா திரியைப் பார்த்தபடி — இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அது மட்டும் நிச்சயம்.

6

நான் இந்தக் கதையை எழுதுகிற செய்தி வெளியே போய்விட்டது. (நான்தான் சொன்னேன்.) முதலில் யசிந்தா வேலியடிக்கு வந்தாள்.

"கலா, நான் திறக்கேல்லை எண்டு எழுது."

"ஏனக்கா?"

"திறந்தனானெண்டு எழுதினா, அவள் என்னைப் பாடி மயக்கினவள் எண்டு ஊர் சிரிக்கும். நான் கல்நெஞ்சுக்காரி எண்டே இருக்கட்டும்."

பின்னேரம் எடித் மீன் வாங்கிக்கொண்டு இந்த வழியால் வந்தாள்.

"பிள்ளை, மச்சாள் திறந்தவ எண்டு எழுதும்."

"உண்மையாத் திறந்தவவோ?"

"எழுதுமன். அவவை ஊர் ஏசப்படாது."

இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். பொய் எடித்துடையதென்றால், அடைத்த கதவுக்கு வெளியே மூச்சுக்குத் தவித்தவள், அடைத்தவளின் பெயரைக் காப்பாற்றுகிறாள். சுவாமி சொன்ன ஆயத்தம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அதற்கு மெழுகுதிரி தேவைப்படவில்லை. பொய் யசிந்தாவுடையதென்றால், அவள் கதவைத் திறந்துவிட்டு, திறந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறாள். அதையும் ஆண்டவர் கணக்கில் எடுப்பார் என்று நம்புகிறேன். அவர் என்னைவிடப் பெருந்தன்மையானவர்.

7

போன ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரம், கழுத்து வலிக்க எட்டிப் பார்த்தேன். யசிந்தா அந்தோனியாரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பி, எனக்கு நேரே வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, "சமாதானம், கலா," என்றாள். எனக்குப் பின்னால் எடித் என்ன செய்கிறாள் என்று பார்க்க முடியாதபடி நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடி விட்டபோது எல்லோரும் முன்னால் திரும்பிவிட்டார்கள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள்தான் எழுதவேண்டும். யசிந்தாவை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் ஒரு எடித் இருப்பாள். எங்கே மூச்சு எடுப்பாள் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருட்டிவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, அவள் மண்டபத்தைத் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறாள். உங்கள் கை கொண்டியில் இருக்கிறது.

அவசரப்படவேண்டாம். நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். இந்த முறை தகரத்துக்குக் கல் வைத்துவிட்டேன்.