பதினாலாம் நம்பர் கண்ணாடி

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருவித் தட்டைத் திறந்தேன். பதினாலாம் நம்பர் பள்ளம் காலியாக இருந்தது.

எங்கள் ஃபாக்டரி ஹவுராவில் இருக்கிறது. ஹெலிகாப்டர்களுக்கு எரிபொருள் டேங்க் செய்து விமானப்படைக்குக் கொடுக்கிறோம். இங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்துக்கே ஸ்பாஞ்சில் வெட்டிய பள்ளமும் உண்டு. ஒன்று குறைந்தாலும் டேங்க் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே மறந்து விட்ட ஒரு துண்டு குழாயை அடைத்துக்கொண்டால் ஆகாயத்தில் இருக்கிறவன் என்ன செய்வான்? பாவம், அவனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் இளகியது கிடையாது. "கோமதிதி வந்தாச்சு" என்று ஒருவன் கிசுகிசுத்தால் போதும், ஷாப்பில் அரட்டை நின்றுவிடும். என் பெயர் கோமதி; வங்காளத்தில் திதி, சுருக்கமாகத் தி, என்றால் அக்கா. ஐம்பத்திரண்டு வயதில் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காணாமல் போனது நான் உபயோகிக்கும் கண்ணாடி. நீளக் காம்பில் சின்ன வட்டமாக இருக்கும். பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி. அதை டேங்குக்குள் விட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்து, திருப்தியானால் என் முத்திரையைக் குத்துவேன். பூஜைக்கு முதல் நாள் கடைசி டேங்கைப் பார்த்துவிட்டு அதைத் துடைக்கிற மேஜையில் வைத்தேன். வைத்தேனா? விஸ்வகர்மா பூஜை இங்கே நம் ஆயுத பூஜை மாதிரி; மூங்கிலும் வைக்கோலும் கட்டிக் களிமண் பூசிய சாமியைக் கும்பிட்டு மறுநாள் கங்கையில் விடுவார்கள். பூஜை அவசரத்தில் எல்லாக் கருவிகளையும் அங்கே குவித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டில் கண்ணாடியை எடுத்ததற்கு என் கையெழுத்து இருந்தது. திருப்பியதற்கு இல்லை.

போன வருஷமாக இருந்தால் "வைத்தேன்" என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு மாதமாக என் கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. வலது கண் ரொம்ப மோசம். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு டேங்கையும் இரண்டு தடவை பார்த்தேன், இணைப்புகளை விரலால் தடவினேன், சமாளித்தேன். இன்ஸ்பெக்டர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அதில் தவறினால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். அது அடுத்த வாரம். அதில் படிக்கச் சொல்கிற எழுத்து அட்டையின் கடைசி வரியை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் உத்தமனும் இங்கேதான் ஃபிட்டர். போல்ட் தளராமல் இருக்க அதன் தலையில் மெல்லிய கம்பி கோத்து முறுக்குவது அவர் வேலை. இஞ்சுக்கு ஏழு முறுக்கு. எட்டோ ஆறோ கூடச் சட்டப்படி செல்லும், ஆனால் ஏழுதான் அழகு என்று சொல்லி முப்பது வருஷமாக அவர் உயிரை வாங்கியிருக்கிறேன். மனுஷன் வாயைத் திறக்க மாட்டார். அன்று விடிகிற நேரத்தில் யாரோ போன் செய்தார்கள். "எனக்கு ஒரு வேலை இருக்கு கோமு, நீ பஸ்ல போயிடு" என்று டிபன் கூடச் சாப்பிடாமல் ஓடிவிட்டார். பெஹாலாவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஹவுரா வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மேஜைக்கு அடியில், குப்பைத் தொட்டியில், எண்ணெய்த் துணியில் எல்லாம் தேடியாயிற்று. கண்ணாடி இல்லை. ஷாப் இன்சார்ஜ் ஷுபோமய் என்னைத் தனியே கூப்பிட்டான். நல்ல பையன், என்னிடம் ரொம்ப மரியாதை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது வங்காள மொழியில்தான்.

"கோமதிதி, நீங்க மேஜையிலதான் வச்சிருப்பீங்க. நம்ம ஆளுங்க பூஜைக் குப்பையோட வாரிப் போட்டிருப்பாங்க. டேங்க்குள்ள இல்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும். மத்தியானம் லாரி வருது. ஆறு டேங்கையும் பிரிச்சா நாலு நாள் போயிடும்."

"நான் எழுதினா போதுமா?"

"உங்க கண்ணை விட என்ன சாட்சி வேணும் எங்களுக்கு?"

அடப்பாவி, இப்படியா கேட்பாய்! பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். எழுதினால் முத்திரை மிஞ்சும், அடுத்த வாரம் அட்டையை ஒப்பித்துவிடலாம், இன்னும் ஆறு வருஷம் கோமதிதியாகவே இருக்கலாம். ஜன்னல் வழியாக ஆறு டேங்கும் தெரிந்தன. ஆறின் விளிம்பும் எனக்குக் கலங்கித்தான் தெரிந்தது. உள்ளே ஒரு கண்ணாடி கிடந்தால் இந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பேனாவை மூடி வைத்தேன்.

"எழுத மாட்டேன்" என்றேன். "எனக்குக் கண் சரியா தெரியல, ஷுபோமய். ரெண்டு மாசமாச்சு. மறைச்சிட்டேன். ஆறையும் பிரிக்கச் சொல்லு. வேற யாராவது பார்க்கட்டும்."

பையிலிருந்து முத்திரையை எடுத்து அவன் மேஜையில் வைத்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுதேன்.

முதல் டேங்கின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உத்தமன் வந்தார். முழங்கால் வரை சேறு, தலையில் வைக்கோல். கையில் என் கண்ணாடி. அதன் காம்பில் ஒரு மூங்கில் குச்சியும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார் எல்லோரும் கேட்கும்படி. "மேஜையிலேர்ந்து எடுத்து விஸ்வகர்மா சிலையோட கையில கட்டினேன். இன்னிக்குக் காலையில அவுத்து வச்சிடலாம்னு இருந்தேன். மழை வருதுன்னு பசங்க நேத்து சாயங்காலமே சாமியைக் கங்கையில விட்டுட்டாங்க. காலையிலதான் தெரிஞ்சுது. துப்புரவு ஆளுங்க ஆத்துலேர்ந்து கரையில இழுத்துப் போட்ட வைக்கோல் பொம்மை அத்தனையையும் ஒவ்வொண்ணா பொரட்டிப் பார்த்தேன்."

பூஜைக்குத் தேய்ந்துபோன பழைய கருவிகளைத்தான் வைப்போம். தட்டுக் கருவியைத் தொடக் கூடாதென்று இங்கே கூட்டுகிறவருக்கும் தெரியும். இந்த மனுஷனுக்குத் தெரியாதா?

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று தமிழில் கத்தினேன். "நம்பர் போட்ட கருவியை! ஆத்துல போயிருந்தா? நான் இங்க செத்துப் பொழைச்சேங்க!"

"தெரியும்."

"என்ன தெரியும்? எனக்குக் கண் தெரியலைன்னு ஷுபோமய்கிட்டச் சொல்லிட்டேன், அது தெரியுமா?"

அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை மங்கிய கண்ணிலும் என்னால் பார்க்க முடிந்தது.

"சொல்லிட்டியா?" என்றார். "ரெண்டு மாசமா நீ என் சட்டைப் பொத்தானைக் கூடத் தடவிப் பார்த்துத்தானே தைக்கிற. கேட்டா ஆடுவ. அதான் உன் கண்ணாடியோட சாமிகிட்டப் போனேன்."

"கண் நல்லாகணும்னு வேண்டிக்கிட்டீங்களாக்கும்?"

"இல்ல. கண்ணுக்கு டாக்டர் இருக்காரு. நீ மறைக்காம சொல்லிடணும்னு வேண்டிக்கிட்டேன்."

முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கண்ணாடி கிடைத்தாலும் ஆறு டேங்கையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று ஷுபோமய் சொன்னான். அது நியாயம். உத்தமனுக்கு மெமோ என்றான். அதுவும் நியாயம். என் முத்திரையை உறையில் போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் பூட்டினான். "கண்ணுக்கு வைத்தியம் முடிஞ்சு, டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்கோங்க திதி. அட்டையை மாத்தி வைக்கிறேன்." என் காது சூடாயிற்று. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ!

உத்தமன் பிளாயரால் கம்பியை வெட்டப் போனார். நான் தடுத்தேன். சாமியின் களிமண் முழுக்கக் கரைந்து, ஒரு ராத்திரி ஆற்றில் கிடந்து, பிறகு இழுத்து வீசப்பட்டும் அந்த மூங்கில் கையிலிருந்து கண்ணாடி கழன்று விழவில்லை. கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் மெதுவாகத் தடவி ஒரு இஞ்சை எண்ணினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, முப்பது வருஷமாக நிற்கிற மாதிரியே, நான் சொல்லப் போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏழு" என்றேன். "சரியா இருக்கு. கழுத்துல வைக்கோல் ஒட்டியிருக்கு, போய்க் குளிச்சிட்டு வாங்க."