ஜெனிஃபரின் பாடு

கடல் ஏறி இறங்கிய பிறகு, பழவேற்காட்டு ஏரியில் மாதா கோயில் மூழ்கிய இடத்தில் ஒரு மரம் முளைத்தது. அதன் பழத்தைத் தின்றவருக்குத் தண்ணீருக்குள் எது எங்கே இருக்கிறது என்பது முழுதும் தெரிந்தது. அந்த ஆண்டு பொன்னேரி பஸ் நின்றுபோயிருந்தது, சென்னை இருந்த திசையில் வெளிச்சம் இல்லை, எளாவூர் சோதனைச்சாவடிக்கு ஒரு வண்டியும் வரவில்லை. ஆகவே ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தில் மிஞ்சியவர்கள் மரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கடித்தவன் மோகன்குமார். அவன் திரும்பியபோது படகு இறால் பாரத்தில் விளிம்புவரை அமிழ்ந்திருந்தது.

"பைபிள்ல பொம்பள மேல பழியப் போட்டாங்க. இங்க மொத கடி உன்னுது, மறந்துடாத நைனா" என்றாள் கருவாடு காயவைக்கும் ஜெனிஃபர். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கணவன் ராபர்ட், படகு இன்ஜின் மெக்கானிக், கடல் ஏறிய அன்று தண்ணீரோடு போனவன். உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

ஏரியில் நல்ல இடங்களில் வலை போட அங்கே முறை உண்டு. சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அதன் பெயர் பாடு. ஒருவர் பாட்டில், அவர் வலையைத் தூக்கும்வரை இன்னொருவர் நுழைய மாட்டார். ஊர் செய்த தவறும் இந்த நியாயத்திலிருந்தே வந்தது. மரத்தையும் பாட்டில் சேர்த்தார்கள். முறைப்படி தின்றால் கெடுதல் வராது என்று நம்பி, முறைப்படியே தின்றார்கள். சேற்றில் ஒளிந்த சினை நண்டுவரை தெரிந்தது. தெரிந்ததை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த மழைக்குள் வலைகளில் பாசிதான் ஏறியது. முகத்துவாரத்துப் பக்கம் எங்கோ ஒரு சிறு மீன்கூட்டம் மட்டும் மிச்சம் என்றார்கள். மோகன்குமார் ஏரிக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினான்.

ஆள் குறைந்ததால், பாட்டில் என்றுமே இடமில்லாத பெண்களையும் கூலிக் குடும்பங்களையும் சீட்டில் சேர்த்திருந்தார்கள். ஜெனிஃபர் பெயர் வந்தது. அவள் பழத்தைப் பறித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். மீனுக்காக அல்ல. ராபர்ட் அடிச்சேற்றில் கிடந்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால், அவன் எங்கோ கரையேறியிருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பழத்தை முகர்ந்தாள். அவன் சட்டையின் டீசல் வாடை அடித்தது. ஆனால் தின்றால் அந்தக் கடைசிக் கூட்டமும் தெரியும். தெரிந்தபின் பசியில் தன் கையும் மோகன்குமாரின் கையைப் போலத்தான் நீளும் என்று அவள் தன்னை அறிந்திருந்தாள்.

ஊர்த் தலைவர் திருவேங்கடம் அவசரப்பட்டார். "இன்னாம்மா யோசன? துன்னு முடி, அடுத்த சீட்டு போடணும்."

"துன்ன மாட்டேன்."

"அப்போ இப்டி குடு."

"எப்டி குடுக்குறது தலைவரே? நான் இன்னும் துன்னல, என் பாடு முடியலயே. வலை தூக்குறதுக்கு முந்தி அடுத்தவன் நுழையலாம்னு எந்த ஊரு நாயம்?"

உலகத்தின் எல்லா முறையும் மூழ்கிப்போன காலத்தில் மூழ்காமல் நின்ற முறை அது ஒன்றுதான். திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஜெனிஃபர் பாடு நடக்கிறது, யாரும் மரத்தண்டை போகக்கூடாது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். தன் பாட்டனார் பேரைச் சொல்வதுபோல் நிமிர்ந்து சொன்னார்.

ஆண்டுகள் போயின. பாடு முடியவில்லை. பழம் அவள் அடுப்படி ஆணியில் தொங்குகிறது, அழுகவில்லை. விளக்கணைக்குமுன் எடுத்து முகர்ந்துவிட்டு மாட்டுகிறாள், வாடை குறையவில்லை. மடவை மீனும் இறாலும் திரும்பிவிட்டன. மரத்தில் யாரும் பறிக்காத பழங்கள் தண்ணீரில் விழ, அவற்றை மீன்கள் தின்கின்றன. அதனால் இப்போது வலை எங்கே இருக்கிறது என்று மீன்களுக்குத் தெரியும். பிடிப்பது முன்னைவிடச் சிரமம். வெறும் வலையோடு கரையேறுகிறவர்கள் தலை குனிவதில்லை. ஜெனிஃபர் பாட்டில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வலையை உலர்த்துகிறார்கள்.