புகைக்குள் போட்ட மெட்டி

வேடமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ‘அரக்கர் கோட்டை’ விளையாட்டின் விதிநூலுக்கு ஐந்தாம் பதிப்பு வந்தது. மறுநாள் காலை குரோம்பேட்டை முழுவதும் புதிய பாணியில் வரையப்பட்டிருந்தது.

பால்காரருக்குத் தோளில் இரும்புக் கவசம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு சிக்ஸ்பேக். அவர் சட்டை போட மறுத்தார். யாரும் வியக்கவில்லை. பதிப்பு மாறினால் ஓவியம் மாறும்; ஓவியம் மாறினால் ஊரும் ஆட்களும் மாறுவார்கள்.

சிவக்கொழுந்து மட்டும் சந்தேகப்பட்டார்.

அடுப்படியில் மனைவி தமயந்தி நின்றாள். முதுகுக்குப் பின்னால் பொன்னொளி. மின்விசிறி இல்லாத இடத்தில் கூந்தல் பறந்தது. அதெல்லாம் பரவாயில்லை. அவர் பார்த்தது பாதங்களை.

முதல் பதிப்பை வரைந்தவருக்குப் பாதம் வரைய வராது. எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே புகை போட்டுவிட்டார். அந்தப் பதிப்பில்தான் இவர்கள் கல்யாணம். மெட்டி போடச் சொன்னார்கள். சிவக்கொழுந்து புகைக்குள் கையை விட்டார். ஒரு விரல் தட்டுப்பட்டது. போட்டார். பிறகு வந்த பதிப்புகளும் புகையைத் தொடவில்லை.

இப்போது தமயந்திக்குப் பாதம் இருந்தது. மெட்டி இல்லை.

“கழட்டி வெச்சியா?”

“போட்டாத்தானே கழட்ட? அன்னைக்கு என் கால்ல யாரும் கையே வைக்கலைங்க. சபையில கேக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

“இருபத்தாறு வருஷமாவா?”

“நீங்களுந்தான் கேக்கலை.”

இருவரும் பதிப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். ஏற ஏற மாடி தள்ளிப் போனது.

கலை இயக்குநர் வேதாசலம் ஒரு பாறைமேல் வலக்காலை ஊன்றித் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பீரோ இருந்தது.

“ஐந்தாம் பதிப்பு, மனித ஆன்மாவின் பரிணாமம்.”

“மூணாம் பதிப்புக்கும் அதையேதான் சொன்னீங்க, சார்” என்றார் சிவக்கொழுந்து.

“அப்ப நான் வெறும் கோட்டோவியம். எனக்கென்ன தெரியும்?”

“நான் போட்ட மெட்டி யார் கால்ல இருக்கு? அதைச் சொல்லுங்க.”

வேதாசலம் பாறையிலிருந்து காலை எடுத்தார். பூட்ஸைக் கழற்றினார். இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி.

“படம் சரியா வருதான்னு மேற்பார்வை பாக்கப் புகைக்குள்ள படுத்திருந்தேன். யாரோ மாட்டிட்டாங்க.”

“கழட்டிக் குடுங்க.”

“வரலை. சோப்பு போட்டும் பாத்தாச்சு.”

“தாலி கட்டியிருக்கேனே, சார்!”

“கழுத்து எல்லாப் பதிப்புலயும் வரைஞ்சதுதான். பாதம்தான் புதுசு. புதுசுதான் செல்லும்.”

அவர் ஒரு கல்யாணப் பதிவுப் படிவத்தை நீட்டினார். மெட்டி போட்டவர், சிவக்கொழுந்து. போட்டுக்கொண்டவர், வேதாசலம். கீழே ஒரு கோடு காலியாக இருந்தது.

“அப்ப நான் யாரு, சார்?” என்றாள் தமயந்தி.

“நீங்க சாட்சிம்மா. இங்க ஒரு கையெழுத்து.”

“போடாதே, தமயந்தி.”

அவள் படிவத்தை இரண்டு முறை படித்தாள். சிவக்கொழுந்தை ஒரு முறை பார்த்தாள். நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

புகையில் நடந்த காலத்தில் அவள் வருவதும் போவதும் சிவக்கொழுந்துக்குக் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வோர் அடியும் கேட்டது. மாடிகள் நிறைய. வெகுநேரம் கேட்டது.